சிஸ்டர் சொன்னது ஒரு வாக்கியம்தான்

இப்படிப்பட்ட கதையை யாராவது ஆரம்பித்தால், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆள் நான். பேய், பிசாசு, காத்து கருப்பு எதையும் நம்பியவள் இல்லை. எங்கள் வீடு வேதக்கார வீடு. அப்பா கண்ணமங்கலத்தில் தையல் கடை வைத்திருந்தார், கடையில் யாராவது அந்த மாதிரிப் பேச்சை எடுத்தால் கத்தரிக்கோலை மேசைமேல் ஓங்கி வைப்பார், பேச்சு நின்றுவிடும். அதோடு எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் குதர்க்க புத்தி. யாராவது சாமியாடினால் ஊரே முகத்தைப் பார்க்கும், நான் காலைப் பார்ப்பேன், நெருஞ்சி முள் கிடக்கிற இடத்தை மட்டும் சாமி எவ்வளவு பத்திரமாகத் தாண்டுகிறது என்று. அப்பேர்ப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. இதைச் சொல்ல எனக்குப் பயம் இல்லை, வெட்கம்தான். இத்தனை வருஷம் கழித்தும் சொல்லும்போது காது சுடுகிறது. அதுவும் நடுராத்திரி, நாய் ஊளை என்று ஒன்றும் கிடையாது, பட்டப்பகல், நாலு பேர் சாப்பிட்டுக் கைகழுவுகிற நேரம். நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபதுகளின் கடைசி. வேலூரில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். ஜவ்வாது மலைமேல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது, ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், ஓடு போட்ட இரண்டு அறை. அங்கே நார்வே நாட்டிலிருந்து ஒரு நர்ஸ் வந்திருந்தார், பெயர் கரின். கன்னியாஸ்திரி இல்லை, நர்ஸ் என்பதால் சிஸ்டர். பிரசவம் பார்ப்பதில் கெட்டிக்காரி, இங்கிலீஷ் பேசுவார், ஆனால் தமிழ் தெரியாது. அவருக்கு மொழிபெயர்க்க ஒரு பெண் வேண்டும் என்று எங்கள் சர்ச் ஐயர், பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம், வந்து சொன்னார். மலைமேல் போய் வயசுப் பெண் தங்குவதா என்று அம்மா அழுதாள். நான் மறுநாளே பெட்டி கட்டிவிட்டேன்.

கரின் சிஸ்டர் அங்கே வாழ்ந்த வாழ்க்கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எறும்புக்குப் பயந்து மேசைக்கால் நாலையும் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் நிறுத்தியிருப்பார். மழை வந்தால் ஓட்டில் ஒழுகும், கொசுவலைக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாமைச் சோற்றையும் புளிக்குழம்பையும் ஸ்பூனால் சாப்பிடுவார், கண்ணில் தண்ணீர் கொட்டும், இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டுவார். அவர் ஊரில் பனிக்காலத்தில் சூரியனே வராதாம், அதனால் வெயிலைக் கண்டால் விடமாட்டார், வெளியே உட்கார்ந்து மூக்கு மிளகாய்ப் பழமாகச் சிவந்து தோல் உரியும். மலைக்காரர்கள் தொரசானி என்பார்கள். அவர்கள் வீட்டில் கல்யாணம், திருவிழா என்றால் இவருக்குத் தனியாகப் பாய் போட்டு உட்கார வைப்பார்கள், பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அது மரியாதை என்று நான் சொல்வேன். தெரியும் ஸ்டெல்லா, ஆனால் அந்தப் பாய் ரொம்பப் பெரியதாக இருக்கிறது என்பார். ஊரிலிருந்து அவருக்குக் கடிதம் வருகிற நாளில் என்னோடு பேசமாட்டார், மறுநாள் இரண்டு பங்கு பேசுவார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்கு ஒரு சட்டம் போட்டார். நான் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சிஸ்டர் சொல்கிறார் என்று ஆரம்பிக்கக் கூடாது, நான் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். முதல் நாள் ஒரு கிராமத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, என் நிறத்தில் இருக்கிற ஒருத்தி, "நான் நார்வே நாட்டுலேர்ந்து வந்திருக்கேன், எங்க ஊர்ல ஆறு மாசம் பனி" என்று சொன்னால் எப்படி இருக்கும்? மலைப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. ஆனால் போகப் போகப் பழகிவிட்டது. அவர் பேசப் பேச எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, காதில் விழுந்தது வாயில் வந்துவிடும். நான் ஒழுங்காகச் செய்தேன் என்று எந்தப் பைபிள் மேலும் அடித்துச் சொல்வேன்.

ஆடி மாசம். தூறலும் வெயிலுமாக மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கிராமத்திலிருந்து ஆள் வந்தான், ஊர்க்கவுண்டர் வீட்டு மருமகள் பொன்னிக்கு நேற்று விடியலில் பிடித்த வலி, இன்னும் பிள்ளை வரவில்லை என்று. பொன்னியை எனக்கு நன்றாகத் தெரியும். தலைச்சன். மாசாமாசம் நடந்தே வந்து காட்டிக்கொண்டு போவாள், என் கைக்கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் கேட்டுவிட்டுத் திருப்பித் தருவாள். ஜீப்பை எடுத்துக்கொண்டு போனோம். டிரைவர் தேவராஜ் அண்ணன், சந்தவாசல்காரர், வாய் மூடாத மனிதர். ஊர் எல்லையில் மஞ்சள் துணி சுற்றிய கல் ஒன்று புதிதாக நட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "அய்யய்யோ, காப்பு கட்டிட்டாங்கம்மா" என்றார். செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், காளியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியூர் ஆள் வரலாம், போகலாம், அந்த ஊரில் பிறந்தவரும் வாழ வந்தவரும் போகக் கூடாது. அதிலும் பிரசவ வலியோடு ஒருத்தி எல்லையைத் தாண்டுவது என்றால் நினைத்தே பார்க்க முடியாது.

சிஸ்டர் உள்ளே போய்ப் பார்த்தார். பொன்னியின் உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கையால் திருப்ப முடியவில்லை, உடனே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் வயிற்றைக் கிழித்து எடுத்தால்தான் உண்டு என்றார். வெளியே வந்து கவுண்டரிடம் சொன்னோம். அவர் பெயர் சின்னாண்டி, அறுபது வயசுக்குமேல் இருக்கும், முரட்டு ஆள் இல்லை, நல்ல மனிதர்தான். வாசலில் கல்மேல் உட்கார்ந்திருந்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"எல்லைய தாண்டக் கூடாதும்மா. காப்பு கட்டியாச்சி. இவ ஒருத்திக்காவ அனுப்பிட்டா ஊருக்கே ஆவாது. தொரசானிய இங்கியே பாக்கச் சொல்லு. ஆத்தா கண்ணத் தொறந்தா எல்லாம் ஆவும்."

பொன்னியின் புருஷன் ஓரமாகக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்பா முகத்தைப் பார்க்கவும் தைரியமில்லை, உள்ளே பார்க்கவும் தைரியமில்லை. ஊரே சுற்றி நின்றது. உள்ளே பொன்னி கத்தினால்கூடப் பரவாயில்லை, கத்துவதையும் நிறுத்திவிட்டாள். சிஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். "இன்னைக்கே வேலூருக்குக் கொண்டு போகலைன்னா தாயும் பிள்ளையும் ரெண்டும் போயிடும், அனுப்பிடுங்க." இதுதான் நான் சொன்னது. இதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எனக்கு நினைவு தப்பவில்லை, தலை சுற்றவில்லை, கண் இருட்டவில்லை.

கவுண்டர் எழுந்தார். முகம் பார்க்கச் சகிக்கவில்லை, வாய் திறந்தபடி இருந்தது, எச்சில் ஒழுகியது. நேராக உள்ளே போய்க் கட்டிலின் தலைமாட்டைத் தானே தூக்கினார், மகனைப் பார்த்து, "புட்றா அந்தப் பக்கம்!" என்று ஒரு கத்து கத்தினார். கூட்டம் அப்படியே விலகியது. கட்டில் எல்லைக்கல்லைத் தாண்டி ஜீப்புக்குப் போனது. எனக்கு உள்ளுக்குள் என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. பார், நம் தமிழ் எப்படி வேலை செய்கிறது, ஒரே வாக்கியத்தில் ஆளைக் கரைத்துவிட்டோமே என்று. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஒன்றை மட்டும் கவனித்தேன், கவனித்தும் பொருட்படுத்தவில்லை. பேச ஆரம்பித்தபோது தூறல் இல்லை. பேசி முடித்தபோது என் பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, தொண்டையும் கட்டியிருந்தது.

ஜீப் அமிர்தி வழியாக இறங்கியது. அந்தக் காலத்தில் அது பாதையே இல்லை, பாறைதான். பொன்னியின் தலை என் மடியில். புருஷன் கால்மாட்டில். சிஸ்டர் ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார், இருக்கிறது, துடிப்பு இருக்கிறது என்று தலையாட்டினார். அப்புறம் குழலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கிழவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் என்றேன். நான் ஒரு வாக்கியம்தான் சொன்னேன் ஸ்டெல்லா, நீயோ தூறலில் நான் நனைகிற வரைக்கும் பேசினாய் என்றார். இல்லவே இல்லை சிஸ்டர் என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது, நம் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கிறாரே என்று. அவர் குழலை மறுபடி வயிற்றில் வைத்தார். முன்னால் உட்கார்ந்திருந்த தேவராஜ் அண்ணன் கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். அவர் அந்த வழி முழுக்க வாயே திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள், பொன்னி பிழைத்தாள். பெண் குழந்தை, அதுவும் பிழைத்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டும் இல்லை என்றார்களாம். சிஸ்டர் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் தேவராஜ் அண்ணனைத் தேடிக்கொண்டு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன்.

"அண்ணா, நான் அங்க இன்னா சொன்னேன்?"

"இன்னாம்மா, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கற?"

"சத்தியமா தெரியாதுண்ணா. சொல்லுங்க."

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொரலு ஒன்னுதுதான். பேச்சுதான் ஒன்னுது இல்ல. மலைக்காரங்க பேச்சு. 'மாமா'ன்னு கூப்ட்ட அந்தக் கவுண்டர. 'அன்னிக்கி ஒங்கப்பன் ஒரு சத்தம் போட்டான், தூக்கன கட்டில இதே வாசல்ல கீழ வெச்சிட்ட. தண்ணி கேட்டேன், அதுகூட ஒருத்தரும் குடுக்கல. இன்னிக்கி சத்தம் போட அவனும் இல்ல. இப்ப யாரு பேச்சக் கேட்டுகினு நிக்கற?'ன்ன. இன்னும் என்னென்னவோ சொன்னம்மா. எனக்கு அவ்ளோதான் ஞாபகம் கீது."

கட்டிலோடு ஜீப்புக்கு வரும்போது ஊர்ப் பெரியவர்கள் பேசிக்கொண்டதை அவர் கேட்டிருக்கிறார். கவுண்டருக்கு மூத்த பெண்சாதி ஒருத்தி இருந்தாளாம், பெயர் சடைச்சி. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் பிறப்பதற்கு முன்னாலேயே செத்துப்போனவள். அவளுக்கும் தலைச்சன் பிரசவம், அப்போதும் காப்புக் காலம். சின்னாண்டி துணிந்து கட்டிலைத் தூக்கியிருக்கிறார், அவர் அப்பா ஒரு அதட்டு போட்டதும் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டார். அங்கேயே முடிந்துவிட்டது.

எனக்கு இது எப்படித் தெரியும்? நீங்கள் கேட்க நினைப்பதை நானே கேட்டுவிட்டேன், பாருங்கள். யாராவது ஆஸ்பத்திரியில் சொல்லி என் காதில் விழுந்திருக்குமோ, மறந்துபோய் மனசின் அடியில் கிடந்திருக்குமோ என்று நான் யோசிக்காத யோசனை இல்லை. சிஸ்டரும் அதைத்தான் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த ஊரில் அந்தக் கதையைப் பேசுவதே இல்லையாம், கவுண்டரின் இளைய பெண்சாதிக்கே கட்டிலைத் தூக்கியது தெரியாதாம். டீக்கடைப் பானையிலிருந்து தண்ணீர் எடுத்து வாயைக் கொப்பளித்தேன். திரும்பத் திரும்பக் கொப்பளித்தேன். யாரோ நமக்குத் தெரியாமல் நம் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு மடித்து வைத்ததுபோல் இருந்தது.

அதற்கப்புறம்தான் உண்மையான வெட்கக்கேடு. மலையில் சேதி பரவிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்கள் சிஸ்டரை விட்டுவிட்டு என் காலில் விழுந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையை வாங்கிக்கொண்டு, "நீ ஒருதரம் தொட்டுக் குடு தாயி" என்றார்கள். நான் இல்லைங்க, எனக்கு ஒன்றும் தெரியாதுங்க என்று சொன்னால், பாரு எவ்வளவு அடக்கம் என்றார்கள். ஒரு உயிரை, இல்லை இரண்டு உயிரைக் காப்பாற்றியதற்கு ஊர் கைகூப்புகிறது, அந்தக் காரியத்தில் என் பங்கு ஒரு துளி கிடையாது, கும்பிடு மட்டும் எனக்கு. அந்தக் கைகளைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தே மொழிபெயர்த்தேன். சிஸ்டர் சொல்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் தேவராஜ் அண்ணனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டேன், சரியாகத்தான் வருகிறதா என்று அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். அவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வார்த்தை.

கீழே வந்தால் இன்னும் மோசம். எங்கள் சர்ச்சில் யாரோ, தையல்காரர் மகளுக்கு மலையில் பேய் பிடித்துவிட்டது என்று கிளப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் என்னைப் பலிபீடத்துக்கு முன்னால் முழங்கால் போடச் சொல்லி, தலையில் கைவைத்து, எல்லோர் முன்னாலும் ஜெபித்தார். நல்லெண்ணத்தில்தான். என்னோடு படித்த பெண்கள் முக்காட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆரணியிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்த குடும்பம் அப்புறம் வரவேயில்லை. மலையில் சாமி, கீழே பிசாசு. இரண்டும் நான் இல்லை என்று எங்கே போய்ச் சொல்வது?

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒருநாள் வேறொரு கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம், அங்கே குழந்தைகளுக்கு ஊசி போட விடமாட்டோம் என்று நின்றார்கள். ஜீப்பில் சிஸ்டர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, ஸ்டெல்லா, அன்று செய்ததுபோல இன்றும் செய்ய முடியுமா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன, குறவன் கையில் இருக்கிற குரங்கா? வாய்வரை வந்தது. நான் செய்யவில்லை சிஸ்டர், நீங்கள் என்னை நம்பவில்லையா என்று மட்டும் கேட்டேன். நம்புகிறேன், நம்புவதால்தான் கேட்கிறேன் என்றார் அவர். எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவர்களே அதிகம் பேசமாட்டார்கள், இங்கே செத்தவர்கள் வந்து உதவி செய்கிறார்கள் என்றால் நான் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். தனியாக வந்து, மொழி தெரியாமல், கண்ணெதிரே குழந்தைகள் சாவதைப் பார்த்துப் பார்த்து அந்தம்மா அந்த நிலைக்கு வந்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் அந்த மாசத்தோடு வேலையை விட்டுவிட்டேன். பஸ் ஏற்ற வந்தவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தமிழில், "மன்னிப்பு, மன்னிப்பு" என்றார். அந்த வார்த்தையை யாரிடம் கேட்டுக் கற்றாரோ, என்னிடம் இல்லை.

கண்ணமங்கலத்துக்கு வந்து அப்பா கடையில் மறுபடியும் பட்டன் தைத்தேன். மழைக்காலம் முடிந்து ஒரு சந்தை நாள், உச்சி வெயில், கடைவாசலில் ஒருவர் வந்து நின்றார். சின்னாண்டிக் கவுண்டர். அந்தக் கொஞ்ச மாசத்தில் பத்து வயசு கூடியிருந்தது. கையில் ஒரு மூட்டைப் புளி, ஒரு பாட்டில் தேன். கீழே இறங்கி எங்கள் ஊர்வரை வந்ததே அதுதான் முதல்முறையாம், விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். அப்பா உள்ளே மிஷினில் தைத்துக்கொண்டிருந்தார், ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பவும் தைக்க உட்கார்ந்தார். கவுண்டர் உட்காரவில்லை. பேத்தி தவழ்கிறாள் என்றார், பொன்னி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள் என்றார். அப்புறம் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தாயி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். அன்னிக்கி அவ சண்ட புடிக்கத்தான் வந்தா. அவ கேட்டதெல்லாம் நாயம். ஆனா எம்மேல ஒரு நல்ல வார்த்த சொல்லலியே. சொன்னாளோ, எனக்குத்தான் காதுல வுழலியோ? இன்னமும் கோவமாத்தான் கீறாளா? உங்கிட்ட வேற எதனா சொன்னாளா?"

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்த வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள், கேட்காதவள் நான் ஒருத்திதான். என்னிடம் வந்து கேட்கிறார் மனிதர், மலையிலிருந்து இறங்கி வந்து. இல்லை கவுண்டரே, அவளுக்குக் கோபம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் யாரும் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? "எனக்குத் தெரியாதுங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்க" என்றேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "போதும் தாயி. இது போதும்" என்றார். புளி மூட்டையைப் படிமேல் வைத்துவிட்டு, வந்த நடைக்குச் சம்பந்தமே இல்லாத வேகத்தில் சந்தைக் கூட்டத்துக்குள் போய்விட்டார். தெரியாது என்று சொன்னதில் என்ன போதும் என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பினேன். அப்பா மிஷினை நிறுத்திவிட்டிருந்தார். ஊசி துணியில் குத்தியபடி இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார், பெற்ற மகளைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"யாரண்டயும் இனிமே அப்படிப் பேசாத பாப்பா. என்னால கேக்க முடியல."

"தெரியாதுன்னுதானப்பா சொன்னேன்?"

"அது கடைசியா சொன்ன. அதுக்கு முன்ன சொன்னியே."

என்ன சொன்னேன் என்று நான் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை, அவ்வளவு கூச்சமாக இருந்தது. என் வாயில் வந்ததை இன்னொருவரிடம் கேட்டா நான் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் அப்பாவிடம்? ஒரு கிழவருக்கு அவர் செத்த பெண்சாதி சொல்லி அனுப்பியதை என் அப்பா கேட்டிருக்கிறார், அதற்குமேல் எப்படிக் கேட்பது? நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். அப்பாவும் சொல்லவில்லை. வருஷங்கள் போய்விட்டன, அப்பாவும் போய்விட்டார், கவுண்டரும் எப்போதோ போய்விட்டாராம்.

அப்புறம் வாத்தியார் வேலை பார்த்தேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகளும் பிறந்தார்கள். மற்றபடி நான் சாதாரண மனுஷி. ஒரே ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது, வீட்டில் கேலி செய்வார்கள். முக்கியமான விஷயம் எதைச் சொன்னாலும், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். கடைக்காரரிடமும் அப்படித்தான், பெண் கொடுத்த சம்பந்தியிடமும் அப்படித்தான். வாத்தியார் புத்தி போகாது என்பார் என் வீட்டுக்காரர். காரணம் அவருக்குத் தெரியாது, சொன்னதில்லை. உங்களிடம்தான் முழுக்கச் சொல்லியிருக்கிறேன், சொல்லியிருப்பதாகத்தான் நினைக்கிறேன். நீங்கள் ஏன் கொஞ்சநேரமாக என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் இப்போது உங்களிடம் என்ன சொன்னேன்? முதலிலிருந்து ஒருதரம் சொல்லுங்கள்.